இரண்டு பை சிப்பியும் அக்கா போட்ட கூறும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை மூன்று வருடம் என் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை. சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (எனக்குத்தான் சொல்ல வரவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. அது தெரிவதற்கு ஓர் அறை நிறையப் பேராசிரியர்களும் இருபத்துநான்கு சிப்பிகளும் தேவைப்பட்டன.)

எங்கள் குப்பம் திருவொற்றியூர்க் கடலோரம். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான். முடித்ததோடு நிற்கத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்ததில் பிஎச்.டி. வரைக்கும் போய்விட்டேன். "பையன் இன்னா பண்றான்?" என்று கேட்பவர்களுக்கு அப்பா தன் ஊகப்படி ஒரு பதில் வைத்திருந்தார்: "லேப்ல கீறான்." லேப் என்றால் எங்கள் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு மேஸ்திரி என் கையில் ஓர் ஊறுகாய் பாட்டிலைத் திணித்து, "வெறும் வயித்துல புட்ச்சது நைனா. சக்கரை எவ்ளோ கீதுன்னு சாய்ங்காலம் சொன்னா போதும்" என்றார். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதாவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். "சரிங்க மேஸ்திரி" என்று வாங்கிக்கொண்டுபோய், பஸ் ஸ்டாப் பக்கத்திலிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, முடிவைச் சீட்டோடு கொண்டுவந்து தந்தேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் எல்லோரும் மனமாரப் பாராட்டிய முதல் முடிவு அதுதான்.

உண்மையில் நான் செய்யும் வேலை இது. உயிருள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நொதிகள் என்று வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வெட்டுவார், ஒருவர் ஒட்டுவார், ஒருவர் விஷத்தைப் பிரித்து வெளியே தள்ளுவார். ஒரு நொதி செல்லில் இருக்கிறதா என்று பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் கஷ்டம். கை ரேகை வைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆளும் வருகைப் பதிவேட்டில் இருக்கத்தான் செய்கிறார். அதனால் செல்லுக்குள் ஒரு மூலக்கூறை வேவு பார்க்க அனுப்புவோம். 'புரோப்' என்போம். மூடி போட்ட டார்ச் லைட் மாதிரி அது. உள்ளே நுழையும்போது இருட்டாகத்தான் போகும். நொதி சும்மா பக்கத்தில் நின்றால் ஒன்றும் நடக்காது. வேலை செய்கிற நொதி வந்து அந்த மூடியை வெட்டி எறிந்தால்தான் பச்சையாக எரியும். வெளிச்சம் அதிகமென்றால் வேலை அதிகம். மங்கலென்றால் நொதியை ஏதோ முடக்கிவைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இதை நான் சிப்பிகளின் ரத்த அணுக்களில் பார்த்தேன். (சிப்பிக்கு ரத்தமா என்று கேட்காதீர்கள். உண்டு. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கும்.) எண்ணூர்க் கழிமுகத்தில் வளரும் பச்சைச் சிப்பிகள் ஒரு பக்கம். எர்ணாவூர்ப் பக்கம் கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறைக் கற்களில், அலையடிக்கும் இடத்தில் வளரும் சிப்பிகள் இன்னொரு பக்கம். கழிக்குள் சாக்கடையும் எண்ணெயும் இன்னும் என்னென்னவோ வந்து சேர்கின்றன. அங்கே வாழும் சிப்பியின் நொதி முடங்கியிருக்கும், கல்லில் வாழும் சிப்பியின் நொதி சுறுசுறுப்பாக இருக்கும் என்பது என் ஊகம். மூன்று வருடமாக அதை நிரூபிக்கத்தான் முயன்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் வருட ஆய்வுக்குழுக் கூட்டம் வந்தது. முந்தைய கூட்டத்திலேயே, "இந்த முறையும் தெளிவான வித்தியாசம் தெரியாவிட்டால் பதிவைத் தொடர்வது பற்றி யோசிக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'யோசிக்க வேண்டும்' என்று பேராசிரியர்கள் எழுதினால் யோசித்து முடித்துவிட்டார்கள் என்று பொருள். என் அக்கா கஸ்தூரியின் கணவர் டில்லி மாமா நல்ல மனிதர். சேதி கேட்டதும் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை சொல்லிவைத்துவிட்டார். "ஒண்ணும் பேஜார் ஆவாத மச்சான். புட்டுக்கிச்சுன்னா திங்கக்கெயம வந்து நின்னுடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் காலண்டரில் திங்கட்கிழமைகளை எண்ண ஆரம்பித்தேன்.

கூட்டத்துக்கு நான் ஒரு திட்டம் போட்டேன். என் வழிகாட்டியான மேடத்திடம் போய், "படமெல்லாம் வேண்டாம் மேடம். உயிருள்ள செல்லைப் பற்றிய ஆராய்ச்சி, உயிரோடேயே காட்டிவிடுகிறேன். அன்று காலை பிடித்த சிப்பி, அன்றைக்கே வெளிச்சம்" என்றேன்.

மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முன்னாடியே எடுத்த படத்தைப் போட்டால் யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க தேசிங்கு."

"நம்பிக்கையா இருக்கேன் மேடம்."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் மேடம். ஆனாலும் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: வழக்கம்போல் ஒவ்வொரு சிப்பி ஓட்டிலும் எண் எழுத வேண்டும், முடிவு வரும்வரை ஓடுகளை எறியக் கூடாது. (இந்த வழக்கத்தை நான் மூன்று வருடமாக முணுமுணுத்துக்கொண்டேதான் செய்துவந்தேன். ரத்தம் எடுத்த பிறகு ஓடு எதற்கு? வீச்சம்தான் மிச்சம்.)

எப்போதும் சிப்பி பிடிக்க மாமாவோடு நானே போவேன். அன்று போகவில்லை. சட்டை கசங்கிவிடும். பன்னிரண்டு கழியிலிருந்து பச்சைக் கயிறு கட்டிய பையில், பன்னிரண்டு கல்லிலிருந்து நீலக் கயிறு கட்டிய பையில் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். விடிந்ததும் மாமா கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் வைத்தார். (அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்.) "க்கா, ஈரச் சாக்கு சுத்திக் கட்டி வை, எட்டு மணிக்குள்ள லேப்ல இருக்கணும்" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அங்கே என் உரையை ஒத்திகை பார்த்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம், "நீங்களே தெளிவாகப் பார்க்கலாம்" என்பது. அதை ஏழு விதமாகச் சொல்லிப்பார்த்தேன். கையை விரித்து, கையை மடக்கி, லேசாகச் சிரித்து. அப்போது கண்ணாடியை விட்டு ஜன்னலைப் பார்த்திருந்தால் நானே தெளிவாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு காலடிப்பேட்டை மெட்ரோவுக்குப் போனேன். பையை ஸ்கேன் செய்யும் இயந்திரத்தில் வைத்ததும் காவலர் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"இன்னாபா இது, ஜல்லியா?"

"சிப்பி சார். உயிரோட கீது."

"உயிரோடவா? அப்ப அதுங்களுக்கு டிக்கெட் எடுத்தியா?"

பின்னால் நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. மூன்று வருடமாகச் செல்லுக்குள் எட்டிப் பார்க்கத் திணறிக்கொண்டிருந்தவன் நான். அந்த மனிதர் ஒரு நொடியில் என் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். ஒருவேளை அவர்தான் இந்தத் துறைக்கு வந்திருக்க வேண்டும்.

லேபில் பைகளைப் பிரித்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வழக்கமாகக் கழிச் சிப்பிகள் கொழுத்திருக்கும், கல் சிப்பிகள் சிறுத்திருக்கும். அன்று இரண்டு பையிலும் பெரியதும் சிறியதும் அழகாகக் கலந்திருந்தன. எந்த ஆராய்ச்சியாளனும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான், "ஆகா, அளவு வித்தியாசம்கூட இல்லை, இயற்கையே நம் பக்கம் நிற்கிறது" என்று மகிழ்ந்தேன். ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை எண் எழுதி, மெல்லிய ஊசியால் ரத்தம் எடுத்து, இருபத்துநான்கு குழிகள் உள்ள தட்டில் ஒரு சிப்பிக்கு ஒரு குழியாக விட்டேன். இடது பாதி பச்சைக் கயிறு, வலது பாதி நீலக் கயிறு. தனியாக இன்னொரு சின்னத் தட்டில் சூடுபடுத்திக் கொன்ற செல்கள். செத்த செல்லில் நொதி வேலை செய்யாது என்பதால் அது இருட்டாகவே இருக்க வேண்டும். இருந்தால்தான் புரோப் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றிலும் புரோப்பை விட்டு, நுண்ணோக்கியின் கேமராவைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்துவிட்டுத் தலையை வாரிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் குழு வந்து உட்கார்ந்தது. மேடம், இன்னும் இரண்டு பேர், அப்புறம் வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். ஒல்லியானவர். தடித்த கண்ணாடி. அவர் பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்பதை அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க எந்தப் புரோப்பும் கிடையாது. கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தமிழில் எழுதுகிறேன். அப்படியே எழுதினால் எனக்குத் திரும்பவும் வேர்க்கும்.

திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழுவைப் பார்த்து நின்று பேசினேன். பேசும்போது கேட்பவர்களின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். கையை ஸ்டைலாகப் பின்னால் வீசித் திரையைக் காட்டினேன்.

"இடது பக்கம் கழிமுகத்துச் சிப்பிகள். முழுக்க இருட்டு. வலது பக்கம் கடல் சிப்பிகள். பளிச்சென்ற வெளிச்சம். நீங்களே தெளிவாகப் பார்க்கலாம்."

குழு பார்த்தது. நான் பார்க்கவில்லை. நொதி முடங்குவதால் வரும் விளைவுகளைச் சொன்னேன். சூழலியலுக்கு என் பங்களிப்பைச் சொன்னேன். ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். வியக்கிறார்கள் என்று நினைத்து, "இவ்வளவு துல்லியமான பிரிவை நானே எதிர்பார்க்கவில்லை" என்றேன். இப்படி நான்கு நிமிடம் போனது. மேடம் மேசைக்கு அடியிலிருந்து விரலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். சீக்கிரம் முடி என்கிறார் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன். திரும்பிப் பார் என்று சொல்லியிருக்கிறார்.

தடித்த கண்ணாடிக்காரர்தான் கடைசியில் கேட்டார். "தம்பி, நீ ஒரு தடவை பாரேன்."

திரும்பினேன். இடது பக்கம் ஐந்து குழி பளிச்சென்று எரிந்தது, ஏழு மங்கல். வலது பக்கமும் ஐந்து எரிந்தது, ஏழு மங்கல். தீபாவளிக்குச் சீரியல் பல்பு போட்டுப் பாதி பியூஸ் போன வீடு மாதிரி இருந்தது.

"புரோப் கெட்டுப்போயிருக்கலாம் சார்" என்றேன்.

"செத்த செல் தட்டைக் காட்டு."

காட்டினேன். முழு இருட்டு. இதற்கு மேல் ஒழுங்காக ஒரு புரோப் இருக்க முடியாது.

"புரோப் சரி. கேமரா சரி. அப்போ எது சரியில்லை?" என்றார். அறையில் மிச்சமிருந்தது நான்தான்.

"தனி உயிர்களுக்குள் இயற்கையாக இருக்கும் வேறுபாடு சார்…"

"ஒரே கழியில் ஐந்து சிப்பி உழைப்பாளி, ஏழு சிப்பி சோம்பேறி. கடலிலும் கணக்காக அதே ஐந்து, அதே ஏழு. இயற்கை இவ்வளவு நியாயமாக நடந்து நான் பார்த்ததில்லை" என்றார். பிறகு, "டீ குடித்துவிட்டு வருகிறோம்" என்று எழுந்தார். போகும்போது மற்றவரிடம், "பாவம்" என்று சொன்னது தமிழில் இருந்தது.

இயற்கை நியாயமாக நடக்காது என்றால் யார் நடப்பார்கள்? எனக்குத் தெரிந்து நியாயத்தில் அப்படி ஒரு வெறி உள்ள ஆள் உலகத்தில் ஒருவர்தான். ஃபோனை எடுத்தேன்.

கஸ்தூரி அக்கா காசிமேட்டில் மீன் விற்பவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அவள் கூறு போட்டால் எந்தக் கூறை எடுப்பது என்று வாங்குபவர்கள் குழம்பி நிற்பார்கள், எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பெரிய மீன், சின்ன மீன், தலை வால் எல்லாவற்றையும் அப்படி நிரவிப் போடுவாள். ஃபோனை எடுத்ததும் பின்னால் ஏலச் சத்தம்.

"இன்னாடா, வாத்தியாருங்களுக்குப் புட்ச்சிச்சா?"

"க்கா, பைய தொறந்தியா?"

"தொறக்காம? பச்சக் கயிறு பையில அத்தினியும் கொயு கொயுன்னு கீது. நீலக் கயிறுல அம்புட்டும் பொடிசு. அறிவு கீதாடா ஒனக்கு? ரெண்டு வாத்தியாருக்குக் குடுக்க எத்துனு போற. ஒருத்தருக்குப் பெருசு, ஒருத்தருக்குப் பொடிசுன்னா அந்தாளு மன்சு இன்னா பாடுபடும்?"

"அதுக்கு?"

"அதுக்கு இன்னா அதுக்கு? தரையில கொட்டிக் கூறு போட்டேன். பெருசுல பாதி, பொடிசுல பாதி. தராசே வோணாம், அப்டி கீது ரெண்டும்."

திரையைப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. வெளிச்சத்தைக்கூட அக்கா சமமாகக் கூறு போட்டிருந்தாள்.

"இன்னாடா சத்தமே காணோம்? சிக்னல் பூட்ச்சா?"

"க்கா… அது வாத்தியாருங்க துன்றதுக்கு இல்லக்கா."

"அப்பால இன்னாத்துக்கு?"

மூன்று வருடம் தள்ளிப்போட்ட கேள்வி. பதில் சொல்ல ஒரு டீ குடிக்கும் நேரம்தான் இருந்தது. சொன்னேன். செல், நொதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "சிப்பி ரத்தத்துக்குள்ள ஆளுங்க கீறாங்கக்கா. வேல செய்றானா, சொம்மா குந்திகினு கீறானான்னு பாக்க மூடி போட்ட டார்ச்ச உள்ள அனுப்புறோம். வேல செய்றவன் மூடிய வெட்டுனா லைட்டு எரியும். கல்லுல இருக்கறது எரியும், கயில இருக்கறது மங்கும்." (கழிமுகம் எங்கள் பக்கம் 'கயி'தான்.) "இப்ப எது எதுன்னு தெரில. மூணு வருசம் போச்சுக்கா. திங்கக்கெயம யார்டுக்குத்தான் போவணும்."

அக்கா ஏலச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "இத்த சொல்றதுக்கா மூணு வருசமா வாயில கொயுக்கட்ட வெச்சிகினு கீற? மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குடா கை வெக்கப்போறேன்?" பிறகு, "ஓடு கீதா?"

"இன்னா?"

"சிப்பி ஓடுடா. போட்டுட்டியா, வெச்சினு கீறியா? எது கயி, எது கல்லுன்னு எனுக்குத் தெரியாதா? வீடியோல வந்து காட்டு."

மேடம் மேல் எனக்கு அந்த நிமிடம் வந்த மரியாதையை எந்த நன்றியுரையிலும் எழுத முடியாது. ஓடுகள் தட்டில் வரிசையாக, எண்ணோடு, வீச்சத்தோடு இருந்தன. வீடியோவைப் போட்டு முதல் ஓட்டைக் கையில் எடுத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் ஃபோனைப் பிடித்தது. தடித்த கண்ணாடி. இன்னொரு கையில் பாதி சமோசா. எவ்வளவு நேரமாக வாசலில் நின்றிருந்தார் என்று தெரியாது; பின்னாலேயே மேடமும் மற்ற இருவரும்.

"நீ தொடாதே" என்றார். "திரையை அணை. குழிகளில் எது எரிந்ததென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது, இல்லையா? தெரியவே கூடாது. நீ அந்த மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நில். உன் முகத்தைப் பார்த்தே எல்லாரும் விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்."

இருபத்தாறு வயதில், தேய்த்த சட்டையோடு, ஆய்வுக்குழு முன்னிலையில் மூலையில் சுவரைப் பார்த்து நின்றேன். அங்கே தீ விபத்து அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. 'பதற்றப்படாமல் வெளியேறவும்.' பதினோரு முறை படித்தேன். என் முதுகுக்குப் பின்னால் பேச்சு கேட்டது.

"வணக்கம்மா. நான் உங்க தம்பியோட பரீட்சை வாத்தியார்."

"வணக்கம் சார். சாப்ட்டீங்களா?"

"இப்பதான், சமோசா…"

"மத்தியானத்துல சமோசாவா? அதான் இப்டி ஒல்லியா கீறீங்க." யாரோ இருமலாக மாற்றிச் சிரித்தார்கள். "சார், புள்ள மேல தப்பு இல்ல. கூறு போட்டது நானு. தண்டனை எதுனா கீதுன்னா எனுக்குக் குடுங்க. அவனுக்கு வோணாம்."

எனக்கு அறிவிப்பின் எழுத்துகள் கலங்கிப்போயின. பன்னிரண்டாவது முறை படிக்க முடியவில்லை.

"தண்டனை அப்புறம்மா. முதல்ல பரீட்சை. இது எங்கே வளர்ந்தது?" என்றார் அவர். ஓடுகளை வரிசையாக எடுக்காமல் கைக்கு வந்ததை எடுத்தார் என்று மேடம் பிறகு சொன்னார்.

"கிட்ட காட்டுங்க. திருப்புங்க. கட்டவெரல எடுங்க சார், மறைக்குது. ம்… கல்லு. தபாருங்க, கல்லப் புட்ச்சிக்கற நாரு எப்டி தடியா கீது, அலையில புட்ச்சினு நிக்கணுமில்ல. அடுத்தது. கயி. நாருல கறுப்பு சேறு."

நடுவில் வேறொரு குரல் நுழைந்தது: "இன்னாடி கஸ்தூரி, ஃபோன்லயே யாவாரமா?"

"தள்ளுடி அந்தாண்ட, பரீட்ச நடக்குது!"

கல்லு, கயி, கயி, கல்லு என்று போய்க்கொண்டே இருந்தது. மேடம் பலகையில் எழுதும் சத்தம் கேட்டது. இரண்டே இரண்டு ஓட்டில் அக்கா தயங்கினாள். "இது கயி இல்ல. கல்லு மாரியும் இல்ல. இன்னாத்த சொல்ல… கல்லுன்னே போட்டுக்கோங்க." முடிந்ததும், "சார், யாவாரத்த பாக்கணும்" என்று பரீட்சையை அவளே முடித்துவைத்தாள்.

திரும்பலாம் என்றார்கள். திரையைப் போட்டார்கள். அக்கா 'கயி' என்ற பன்னிரண்டும் மங்கல். 'கல்லு' என்ற பன்னிரண்டில் பத்து பளிச். மிச்சமிருந்த இரண்டு மங்கல்கள், அவள் தயங்கிய அதே இரண்டு.

தடித்த கண்ணாடிக்காரர் திரையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். சமோசாவை ஓடுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார், எடுக்க மறந்துவிட்டார்.

"இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு வந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "இதை நம்புகிறேன். எந்தச் சிப்பி எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே நீ அளந்திருக்கிறாய். எது எரிந்தது என்று தெரியாமலே அந்த அம்மா பிரித்திருக்கிறார். மூன்று வருடமாக நீ பச்சைக் கயிறென்று தெரிந்துகொண்டே அளந்தாயே, அதைவிட இது எவ்வளவோ சுத்தம். இனிமேல் இப்படித்தான் செய்ய வேண்டும். யாராவது கலந்து கொடுக்க வேண்டும், உனக்குச் சொல்லக் கூடாது."

"யார் கலப்பது சார்?"

"இதென்ன கேள்வி?" என்றார். அன்று முதல் முறையாக அவர் சிரித்தது போலிருந்தது.

பதிவு நீட்டிக்கப்பட்டது. குழு அறிக்கையில், 'மாதிரிகளைக் கலக்கும் பொறுப்பு ஆய்வாளர் அல்லாத, அனுபவமுள்ள ஒருவரிடம் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரியை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். அக்கா, "அனுபவமுள்ள ஒருவர்னா நானா? பேரு போட மாட்டாங்களா?" என்றாள்.

கூட்டம் நடந்த அன்று மாலையே டில்லி மாமா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மச்சான், ஒண்ணு சொல்லணும். கல்லுல பத்துதான் கெட்ச்சிது. அலை ஓவரு. ரெண்டு கொறைஞ்சிச்சு. நம்ம போட்டு அடியில ஒட்டினு இருந்துச்சு, அத்த புட்ச்சிப் போட்டுட்டேன். ரெண்டுதான, இன்னா ஆவப்போவுதுன்னு…"

அக்கா துள்ளி எழுந்தாள். "பாத்தியா! நான் அப்பவே சொன்னேன், கயியும் இல்ல கல்லும் இல்லன்னு!"

மாமாவின் படகுக்கு அப்போதுதான் அடியில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடிக்கிற விஷப் பெயின்ட். பெயின்ட் விட்டுப்போன ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தப்பித்த சிப்பிகள் அவை. அதனால்தான் அவற்றின் நொதி முடங்கியதா? இரண்டு சிப்பியை வைத்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் மாமாவின் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. நன்றியுரையில் இதைக் கொஞ்சம் கௌரவமாக எழுத வேண்டும்.

இப்போதெல்லாம் மாதம் ஒரு தடவை அக்கா வாசலில் கூறு போடுகிறாள். நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். ஓட்டில் நெயில் பாலிஷால் எண் எழுதுகிறாள், எது எங்கிருந்து வந்தது என்பதை நோட்டில் எழுதி அரிசிப் பானைக்குள் மறைத்துவைக்கிறாள், நான் முடிவைச் சொன்ன பிறகுதான் எடுக்கிறாள். போன மழை முடிந்து கழியில் தண்ணீர் புரண்டு போன பிறகு எடுத்த சிப்பிகளில், கழி எண்களில் சிலது எப்போதும்விடக் கொஞ்சம் பளிச்சென்றிருந்தன. நோட்டை இரண்டு தடவை சரிபார்த்தோம். "தண்ணி வந்தா எந்திரிச்சு வேல செய்யுதுங்கடா" என்றாள் அக்கா. அடுத்த மழைக்கு இரண்டு பேரும் காத்திருக்கிறோம். மேஸ்திரிகூட இப்போது ஊறுகாய் பாட்டில் கொண்டுவருவதில்லை. "சிப்பிக்கு எப்டி கீது நைனா?" என்றுதான் கேட்கிறார்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்த நாள் விட்டுச்சென்றது வேறு ஒன்று. ஒரு கல்யாணத்தில், பந்தியில் பரிமாற ஆளில்லாமல் எல்லோரும் தவிக்க, டில்லி மாமா நாற்காலியில் சாய்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "டில்லி கீறாருல்ல, கூப்டுங்க" என்றார். சாம்பார் வாளியோடு போன அக்கா பந்தி முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள்:

"ஆளு கீறாரு. லைட்டுதான் எரில."

நொதி இருப்பதற்கும் வேலை செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் நாற்பது பக்கத்தில் எழுதியிருக்கிறேன். குப்பம் முழுக்கப் பரவியது அக்காவின் ஒரு வரிதான். இப்போது கடைக்குப் போகாத பையன், வராத கரன்ட்டுக்காரர், மூடியே கிடக்கும் அலுவலகக் கவுன்டர் எல்லாவற்றுக்கும் அதுதான். இந்தக் கட்டுரையை எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று கொஞ்ச நேரம் பேனாவோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டேய் தேசிங்கு, சிப்பி ரெடி! லைட்டு எரியுதா, இல்ல மூடி போட்டுனு குந்தினு கீறியா?"

கதவைத் திறந்துகொண்டு போனேன்.